பொட்டலத்தில் கரையும் எலும்பு

காகிதக் கவரில் பெயரில்லாமல் வரும் ‘செட்’ மாத்திரை ஒரு பக்கம். ‘உங்கள் உடலுக்கென்றே தயாரித்தது’ என்று கைபேசியில் வரும் விளம்பரம் இன்னொரு பக்கம். நடவு நட்டுவிட்டு வரும் பெண்ணுக்கும், மாடி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் விற்கப்படுவது ஒரே வாக்குறுதிதான்: உங்களுக்காகவே கலந்து தருகிறோம், வலி போகும், எலும்பு பலப்படும். முதியோர் வேகமாகப் பெருகிவரும் தமிழ்நாடு இதை இனியும் கண்டும் காணாமல் இருக்க முடியாது. காரணம், இப்படிக் கலந்து கொடுக்கப்படுபவற்றில் ஒரு பகுதி, எலும்பைக் காப்பதற்குப் பதிலாக அதையே கரைத்துக்கொண்டிருக்கிறது.

வலிக்காத நோய்

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க அதில் வேலை செய்கின்றன. ஏறக்குறைய 30 வயதுவரை கட்டும் வேலையின் கை ஓங்கியிருக்கும். அதன் பிறகு அரிப்பு மெல்ல முந்தத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைகிறது. அடுத்த சில ஆண்டுகளில்தான் எலும்பு இழப்பு மிக வேகமாக நடக்கிறது.

இந்த இழப்பு வலிக்காது. முழங்கால் வலி, மூட்டில் ‘கடக் கடக்’ என்ற சத்தம், காலையில் எழுந்ததும் விறைப்பு எல்லாம் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகள். எலும்பு மெலிவு வேறு நோய். குளியலறையில் லேசாக வழுக்கி விழும்போதோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ எலும்பு முறிந்த பிறகுதான் அது இருந்ததே தெரியவரும். பாட்டிக்குக் கூன் விழுந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பல நேரங்களில் அந்தக் கூன், முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி அமுங்கியதன் அடையாளம்.

வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாதவிடாய் நின்ற, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த 150 பெண்களைப் பரிசோதித்ததில், பாதிப் பேருக்கு முதுகுத்தண்டிலோ இடுப்பிலோ எலும்பு மெலிவு நோய் இருந்தது. இவர்கள் படுக்கையில் கிடந்த நோயாளிகள் இல்லை. கடைக்குப் போய்வந்து, சமையல் செய்துகொண்டிருந்த பெண்கள்.

இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கஷ்டத்தைப் பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும். அறுவைச் சிகிச்சை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, காலில் ரத்த உறைவு என்று ஒவ்வொன்றாக வரும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்று உலகின் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பிழைத்தவர்களிலும் பலரால் பழையபடி தனியாக நடக்க முடிவதில்லை. வீட்டில் ஒரு மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வருமான இழப்பு எந்தக் காப்பீட்டுக் கணக்கிலும் வராது.

ஒரு பொட்டலத்தைப் பிரித்தால்

“அண்ணே, கைகால் வலிக்கு ஒரு செட் குடுங்க.” சாயங்காலம் எந்தச் சிற்றூர் மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றாலும் இந்தக் குரலைக் கேட்கலாம். கேட்பவர் களையெடுத்துவிட்டு வந்தவராகவோ, சித்தாள் வேலை முடித்து வந்தவராகவோ இருப்பார். கடைக்காரர் மருந்துச் சீட்டு கேட்பதில்லை. நான்கைந்து அட்டைகளிலிருந்து கத்தரித்து, சில மாத்திரைகளை டப்பாவிலிருந்து எண்ணி, மூன்று வேளைக்கு மூன்று சின்னக் கவரில் போட்டுக் கொடுக்கிறார். பில் கிடையாது.

அந்தக் கவர் ஒன்றைப் பிரித்தால் உள்ளே ஒரு வலி மாத்திரை இருக்கும், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று இருக்கும், சத்து மாத்திரை என்று ஒன்று இருக்கும். இவற்றோடு பல நேரங்களில் பொட்டு அளவுக்குச் சின்னதாக இன்னொரு மாத்திரையும் கிடக்கும். அட்டையிலிருந்து பிரித்துவிட்டதால் பெயர் தெரியாது, காலாவதி தேதி தெரியாது. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. சட்டப்படி இவை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை.

அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். அதாவது அரை மில்லிகிராம் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று எடுத்தாலே அந்த 5 மில்லிகிராம் அளவைத் தாண்டிவிடுகிறது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோனை மூன்று மாதம் எடுத்தவருக்கு எலும்பு முறியும் ஆபத்து கூடுகிறது என்பது பல்லாண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அதைவிடக் குறைந்த அளவிலேயே கவனம் வேண்டும் என்கின்றன புதிய வழிகாட்டுதல்கள். ஸ்டீராய்டு, எலும்பைக் கட்டும் செல்களை முடக்குகிறது. குடல் கால்சியத்தை ஈர்ப்பதைக் குறைக்கிறது. சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் கூட்டுகிறது. சேதம் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் அடிவாங்குவது முதுகெலும்பு. சிலருக்கு இடுப்பு மூட்டின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பே செத்துப்போகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு யாரும் வாங்குவதில்லை. வாங்கும் பெண்ணைக் குறை சொல்வது அநியாயம். அவருக்கு ஜிஎச்சில் ஒரு நாள் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். செட் மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் வலி அடங்குகிறது, பசி எடுக்கிறது, மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது. முகம் உப்பினால் ‘உடம்பு தேறிடுச்சு’ என்று பக்கத்து வீட்டார் பாராட்டவும் செய்கிறார்கள். சர்க்கரை ஏறியதும் ரத்த அழுத்தம் கூடியதும் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது முதுகில் சுருக்கென்று புது வலி வந்தால், அதற்கும் அதே கடையில் இன்னொரு செட்!

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு விஷம் இல்லை. ஆஸ்துமா முற்றியவருக்கும், முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய் உள்ளவர்களுக்கும் அது உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அளவை மெல்லக் குறைத்து, எலும்புக்கும் பாதுகாப்பு கொடுத்துத் தருவது ஒரு முறை. பெயர் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குவதை அதோடு சேர்க்க முடியாது.

கலப்பது குற்றமா?

மருந்தைக் கலந்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கம்பவுண்டரை நினைவிருக்கும். வீட்டிலிருந்து கழுவிய பாட்டிலைக் கொண்டுபோனால், டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து அவர் மிக்ஸர் கலந்து ஊற்றிக் கொடுப்பார். பாட்டிலின் பக்கவாட்டில் ஓரங்களில் பல் பல்லாக வெட்டிய ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை ஒட்டியிருப்பார். ஒரு வேளைக்கு ஒரு பல். அந்த ஏற்பாட்டில் எழுதிய மருத்துவர் யார், கலந்தவர் யார், எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தன.

சட்டமும் அந்தத் தெளிவைத்தான் கேட்கிறது. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-வது விதி, கடைப் பலகையில் என்ன பெயர் போடலாம் என்பதைக்கூட வகுத்திருக்கிறது. மருத்துவரின் சீட்டுக்கு ஏற்ப மருந்து கலந்து தரும் வசதியும் பதிவுபெற்ற மருந்தாளுநரும் உள்ள கடைதான் ‘பார்மசி’ என்று போட்டுக்கொள்ளலாம். மருந்தாளுநர் இருந்தும் கலக்கும் வசதி இல்லாத கடை ‘கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்’ மட்டுமே. நம் ஊர்க் கடைத்தெருவில் இந்த வேறுபாட்டை யார் பார்க்கிறார்கள்?

உண்மையிலேயே தனியாகக் கலந்து தர வேண்டிய நோயாளிகள் இருக்கிறார்கள். மாத்திரை விழுங்க முடியாத குழந்தை, மாத்திரையில் சேர்க்கும் நிறத்துக்கு ஒவ்வாமை உள்ளவர், கடையில் கிடைக்காத சிறிய அளவு தேவைப்படுபவர் போன்றோருக்கு அந்தக் கலை இன்றும் தேவை. ஆனால், எலும்பு மெலிவுக்கு அந்தத் தேவை மிக அரிதாகத்தான் வருகிறது. வேண்டிய மருந்துகள் சோதிக்கப்பட்டு, அளவு உறுதிசெய்யப்பட்டு, அட்டையிலும் ஊசிக் குப்பியிலும் தயாராகவே கிடைக்கின்றன.

அமெரிக்கா பட்ட பாடு

தனிக் கலவை வணிகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடம். அங்கே நடந்த பெரிய ஹார்மோன் ஆய்வில், 16,608 பெண்கள் பங்கேற்ற ஒரு பகுதி 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கூடவே மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்த உறைவு ஆகியவை கூடியிருந்தன. செய்தி பரவியதும் லட்சக்கணக்கான பெண்கள் பயந்து மாத்திரையை விட்டார்கள்.

அந்தப் பயத்தில்தான் கலவை மருந்தகங்கள் வளர்ந்தன. ‘இயற்கையானது, உங்கள் எச்சிலைப் பரிசோதித்து உங்களுக்கென்றே கலந்தது, ஆபத்து இல்லாதது, எலும்பையும் காக்கும்’ என்று களிம்பாகவும், மாத்திரையாகவும், தோலுக்கடியில் வைக்கும் குளிகையாகவும் விற்றார்கள். இவற்றில் பலவற்றில் இருந்த எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் அடங்கிய எந்த மருந்துக்கும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்திருக்கவில்லை. ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்த மருந்தகங்களுக்கு 2008-ல் அது எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் நிபுணர் குழு 2020-ல் அளித்த அறிக்கை, இந்தக் கலவைகளின் பாதுகாப்புக்கும் பலனுக்கும் போதிய சான்று இல்லை என்றும், ஒவ்வாமை போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டுமே தர வேண்டும் என்றும் சொன்னது.

எலும்பைப் பொறுத்தவரை இதிலுள்ள ஆபத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். வலி மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். எலும்பு மருந்து வேலை செய்யவில்லை என்றால், ஸ்கேன் எடுக்கும் வரையோ விழுந்து முறியும் வரையோ தெரியாது. கலவையில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருந்தால் எலும்புக்குப் பாதுகாப்பு இல்லை. கூடியிருந்து, அதை ஈடுகட்டும் புரோஜெஸ்டிரான் போதாமல் போனால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் அபாயம். உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாத ஒரு நோய்க்கு, அளவு நிச்சயமில்லாத மருந்தைத் தருவது கண்ணைக் கட்டிக் கிணற்றோரம் நடக்கவிடுவது போன்றது.

எலும்புக்கென்று விற்கப்படும் ஸ்ட்ரான்சியத்தின் கதை இன்னும் விபரீதமானது. கால்சியத்தின் இடத்தில் எலும்புக்குள் போய் உட்காரக்கூடிய தனிமம் இது. கால்சியத்தைவிட எடை கூடிய அணு என்பதால் எக்ஸ்ரே கதிரை அதிகம் தடுக்கும். அதனால் ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி, உண்மையில் கூடியதைவிட அதிகமாகக் கூடியதுபோலத் தெரியும். ஐரோப்பாவில் மருந்தாக அனுமதி பெற்ற ஸ்ட்ரான்சியம் ரானலேட்டுக்கு, இதயத்துக்கு ஆபத்து என்பது தெரிந்ததும் 2014-ல் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. அமெரிக்காவிலோ அதன் இன்னொரு வடிவமான ஸ்ட்ரான்சியம் சிட்ரேட் ‘எலும்புச் சத்து’ என்ற பெயரில் சீட்டில்லாமல் விற்கிறது. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்தவர்களுக்கு முறிவு குறையும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி 2012-ல் விழுந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் இருந்த ஒரு கலவை மருந்தகம், முதுகுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி மருந்தைத் தயாரித்துப் பல மாநிலங்களுக்கு அனுப்பியது. அதில் பூஞ்சை கலந்திருந்தது. 20 மாநிலங்களில் 753 பேர் மூளை உறை அழற்சி உள்ளிட்ட தொற்றுகளுக்கு ஆளானார்கள். 64 பேர் இறந்ததாக நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்தது. தனித்தனி நோயாளிக்குச் சீட்டுப்படி கலக்கிறோம் என்ற பெயரில், தொழிற்சாலைக்குரிய கண்காணிப்பு எதுவும் இல்லாமல் தொழிற்சாலை அளவில் உற்பத்தி நடந்திருந்தது. அதன் பிறகுதான் 2013 நவம்பரில் புதுச் சட்டம் கொண்டுவந்து, பெரிய அளவில் கலக்கும் இடங்கள் பதிவுசெய்துகொண்டு எஃப்டிஏயின் நேரடி ஆய்வுக்கு உட்பட வழி செய்தார்கள்.

சேர்த்துப் போட்டால் கெட்டுவிடும்

எல்லாச் சத்தையும் ஒரே கவரில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். எலும்பு மருந்துகளில் சில ஒன்றோடொன்று சேராதவை.

உலகெங்கும் பரவலாகப் பயன்படும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒன்றுதான். காலையில் எழுந்ததும், காபிகூடக் குடிக்காமல், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது. மெல்லவோ பொடிக்கவோ கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் குடல் இந்த மருந்தை ஈர்க்காமல் அப்படியே வெளியே தள்ளிவிடும். அதாவது, அலெண்ட்ரோனேட்டையும் கால்சியத்தையும் ஒரே பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தால் வாங்கியவருக்குக் காசு நஷ்டம்தான் மிச்சம். தைராய்டு மாத்திரை போடுபவரும் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

வைட்டமின் டி பொட்டலத்தில் வேறொரு விபத்து நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் நாளொன்றுக்குப் பரிந்துரைப்பது 600 யூனிட். கடையில் கிடைக்கும் பொட்டலத்தில் இருப்பது 60,000 யூனிட், நூறு நாளுக்கான அளவு. குறைபாடு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் எடுக்க வேண்டியது. ‘சத்துதானே’ என்று தினமும் பாலில் கலந்து குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

தனித்தனியாகப் பார்க்க வேண்டியது எது?

ஒவ்வொருவருக்கும் ஏற்ற சிகிச்சை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்தத் தனிக் கவனம் மருந்தைக் கலக்கும் மேசையில் வேண்டாம், நோயாளியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடத்தில் வேண்டும். எத்தனை வயதில் மாதவிடாய் நின்றது, கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டார்களா, அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா, லேசாக விழுந்து மணிக்கட்டு முறிந்ததுண்டா, உயரம் குறைந்திருக்கிறதா, செட் மாத்திரை எவ்வளவு காலம் போட்டார்? ஒரு மருத்துவர் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் இவை தெரிந்துவிடும். இப்படிப்பட்ட பதில்களை வைத்து அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவுக்கான வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டு முறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியர்களுக்கான கணக்கும் அதில் உண்டு.

அதற்குப் பிறகு மருந்து ஆளுக்கு ஆள் மாறும். நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவருக்கு அலெண்ட்ரோனேட் ஒத்துவராது. ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரானிக் அமில ஊசி பொருந்தலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த ஊசி கூடாது. ஏற்கெனவே பல முதுகெலும்புகள் நொறுங்கியவருக்கு எலும்பைப் புதிதாகக் கட்டும் டெரிபாரடைடு ஊசி தேவைப்படலாம். மாதவிடாய் நின்ற புதிதில் உடல் சூடும் தூக்கமின்மையும் வாட்டும் பெண்ணுக்கு, அங்கீகரிக்கப்பட்ட ஹார்மோன் மருந்தே அந்த உபாதைகளுக்கும் எலும்புக்கும் உதவலாம். பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால், சோலெட்ரானிக் அமில ஊசி தொடங்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

எப்போது நிறுத்துவது என்பதும் ஆளைப் பொறுத்ததே. அலெண்ட்ரோனேட்டைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவர் இடைவெளி விடச் சொல்வதுண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமேப் ஊசியை அப்படித் தானாக நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த எலும்பு அரிப்பு திரும்பவும் வேகமெடுத்து, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் முறியக்கூடும். ‘நல்லா இருக்கேன், அடுத்த ஊசிக்கு ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுபவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்துப் பெட்டியில் அடுத்த ஊசியின் தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுத்தால்கூடப் போதும்.

உணவை மறந்துவிட்டு மருந்தை மட்டும் பேசக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மற்ற பெரியவர்களுக்கு 1,000. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நம் சமையலறைக்குப் பழக்கமானவை. ஆனால், ஏற்கெனவே முறியும் நிலைக்கு வந்துவிட்ட எலும்பைக் கேழ்வரகுக் கூழ் மட்டும் காப்பாற்றாது. இரண்டும் வேண்டும்.

முகாமும் குதிகால் கருவியும்

திருமண மண்டபத்திலும் நடைப்பயிற்சிப் பூங்காவிலும் ‘இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை முகாம்’ என்று பேனர் கட்டுகிறார்கள். குதிகாலை ஒரு சின்னக் கருவிக்குள் வைத்தால் இரண்டு நிமிடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டம் போட்ட சீட்டு வரும். பக்கத்து மேசையில் கால்சியம் டப்பா தயாராக இருக்கும்.

அந்தக் கருவி ஒலி அலையால் குதிகாலை மட்டும் பார்க்கிறது. நோயை உறுதிசெய்ய உலக சுகாதார நிறுவனம் வகுத்த மைனஸ் 2.5 என்ற அளவுகோல், இடுப்பையும் முதுகுத்தண்டையும் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு உரியது. குதிகால் சீட்டை வைத்து மருந்து தொடங்குவதும் தவறு, பச்சைக் கட்டத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவதும் தவறு.

என்ன செய்யலாம்?

முதலில் ஸ்டீராய்டு மாத்திரைகளின் விற்பனையைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். 2014 மார்ச் முதல் சில ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் மத்திய அரசு ‘எச்1’ பட்டியலில் வைத்திருக்கிறது. இவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். வாய்வழி ஸ்டீராய்டுகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கத் தமிழ்நாடு அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். முகத்தில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் கொண்டுவர முடிந்ததென்றால், ஏற்கெனவே சீட்டு கட்டாயமான, வயிற்றுக்குள் போகும் மாத்திரைக்குப் பதிவேட்டையும் ஏன் கட்டாயமாக்க முடியாது?

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பெயரும் காலாவதி தேதியும் தெரியாத உதிரி மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுப்பதை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்றைக்கே தடுக்கலாம். அட்டையை வெட்டித்தான் தர வேண்டும் என்றால் கவரின் மேல் மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதி, பில்லும் தரட்டும். கடைக்கு வாங்கிய ஸ்டீராய்டு எவ்வளவு, சீட்டுக்கு விற்றது எவ்வளவு என்று மருந்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

தடுப்பது மட்டும் போதாது. வலிக்கு வேறு வழி காட்ட வேண்டும். கூலி வேலை முடிந்து வருபவர்கள் காட்டிக்கொள்ளும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை நேர வலிச் சிகிச்சைப் பிரிவு இயங்கட்டும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கூடவே மூன்று கேள்விகளை அவர்கள் கேட்கட்டும்: லேசாக விழுந்து எலும்பு முறிந்ததுண்டா? உயரம் குறைந்திருக்கிறதா? பெயர் தெரியாத வலி மாத்திரை போடுகிறீர்களா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் மருத்துவரிடம் அனுப்பட்டும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு டெக்ஸா கருவி வேண்டும். அதைவிட அவசரமானது, இடுப்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்தவர் எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற நிலை. கம்பி வைத்துத் தைத்துவிட்டு, எலும்பு ஏன் முறிந்தது என்று கேட்காமல் அனுப்புவது அரைகுறைச் சிகிச்சை. எலும்பு சிகிச்சைப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியரை இதற்கென்றே நியமித்து, ஐம்பது வயதுக்கு மேல் முறிவோடு வந்த ஒவ்வொருவரையும் தொலைபேசியில் பின்தொடரச் செய்யலாம். அலெண்ட்ரோனேட் காப்புரிமை முடிந்து பல ஆண்டுகளான மருந்து. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற மலிவு விலைக் கடைகளில் அது என்றும் இருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொண்டாலே பலரைக் காப்பாற்றலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ மாமியாரோ வைத்திருக்கும் மாத்திரைப் பையை இன்றைக்கு ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெயரில்லாத மாத்திரை இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் எவ்வளவு காலமாகப் போடுகிறார் என்று கேளுங்கள். உடனே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். பல மாதம் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் அதைத் தானாகச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி அடங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கவரையும் கையில் எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அளவை எப்படிக் குறைப்பது, எலும்புக்கு என்ன பரிசோதனை எடுப்பது என்பதை அவர் முடிவுசெய்யட்டும்.